ஒரே தடவையில் ஸ்டார்ட்

சாவியைத் திருப்பியதும் லாரி "உர்ர்ர்" என்றது. இரண்டாம் தடவை "உர்" என்றது. மூன்றாம் தடவை எங்கேயோ உள்ளே டொக்கென்று ஒரு சத்தம் மட்டும் போட்டுவிட்டு, இனிமேல் உன் பாடு என்று சும்மா இருந்துவிட்டது.

டிரைவர் ஸ்டீயரிங்கின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். மணி ஐந்தரை. முன் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. எட்டு மணிக்கு லாரியைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்துப்போனால் லாரி பிழைத்தது. பிடிக்காவிட்டால் வியாழக்கிழமை உடைக்கிற கடையிலிருந்து ஆள் வருவான். முதலில் கதவைக் கழற்றுவான், அப்புறம் இன்ஜினை இறக்குவான். லாரி இருபத்திரண்டு வருடமாக நின்றுகொண்டிருந்த பக்கத்து மனையில் வீடு கட்டப்போகிறார்கள். வெள்ளிக்கிழமை கடைக்கால் தோண்டுகிறார்கள். அவருக்கோ கண்பார்வை போதவில்லை என்று லைசென்சைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். ஆக, லாரிக்கு நிற்க இடமும் இல்லை, ஓட்ட ஆளும் இல்லை.

தெருவில் அவருக்குப் பெயர் 'ஒருநிமிஷம்'. குளிர்காலக் காலைகளில் லாரி கிளம்ப மறுத்து முக்கி முனகுகிறபோதெல்லாம், ஜன்னல் திறந்து எட்டிப் பார்க்கிறவர்களிடம் கையைத் தூக்கி, "ஒரு நிமிஷம், வந்துடும்" என்று அவர் சொல்வது வழக்கம். அந்த ஒரு நிமிஷம் சில நாள் முக்கால் மணி நேரம் ஆகும். எதிர்வீட்டுத் தையல்காரர் வைத்த பெயர் அது. வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது.

வெயில் காலத்தில் அந்த லாரியைப்போலத் தங்கமான வண்டி கிடையாது. குளிர் வந்துவிட்டால் மட்டும் அதற்கு வேறு குணம் வந்துவிடும். டீசல் கெட்டிப்பட்டுப் போகும். பேட்டரிக்கு உயிர் பாதியாகும். டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஹீட்டர் விளக்கு எரியும்; அது அணையும் வரை பொறுமையாக இருந்து, அணைந்த நொடியில் சாவியைத் திருப்ப வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் கோபித்துக்கொள்ளும், பிந்தினாலும் கோபித்துக்கொள்ளும். அதனால்தான் மனையின் மேட்டுப் பக்கம், முகம் இறக்கத்தைப் பார்க்கும்படி அதை நிறுத்துவார். எதுவும் பலிக்காவிட்டால் உருட்டிவிட்டு ஸ்டார்ட் செய்துகொள்ளலாம்.

அந்த வழியையும் புரோக்கர் நேற்று அடைத்துவிட்டார். இறக்கத்தில் நிற்கிற லாரியைப் பார்த்ததுமே விவரம் தெரிந்தவன் சிரித்துவிடுவான் என்று சொல்லி, சமதளத்தில் கொண்டுவந்து நிறுத்த வைத்தார். வருகிறவர்களைப் பற்றியும் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனார்.

"ரொம்ப விவரமான பார்ட்டி. மூணு வருஷமா இதே மாடல், இதே வயசு லாரியா தேடித் தேடிப் பாத்துட்டு இருக்காங்க. இதுவரைக்கும் பதினோரு வண்டி பாத்தாச்சு, ஒண்ணும் புடிக்கல. காலைல இன்ஜின் ஆறிக் கிடக்கறப்பதான் பாப்பாங்க. வந்ததும் மொதல்ல பானட்ட தொட்டுப் பாப்பாங்க. சூடா இருந்துச்சு, பேச்சே கிடையாது, திரும்பிப் போயிடுவாங்க."

பழைய டீசல் வண்டி வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான் அது. விற்கிறவன் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து காய்ச்சி வைத்திருக்கிறானா என்று கை வைத்துப் பார்ப்பார்கள். ஒருநிமிஷம் அதற்கும் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தார். ஆறு மணிக்குள் எப்படியாவது கிளப்பி, அரைமணி ஓடவிட்டு, அணைத்து, பானட்டைத் திறந்து போட்டுவிட வேண்டும். எட்டு மணிக்கு மேல்தகடு சில்லென்று இருக்கும், உள்ளே இரும்பில் சூடு மிச்சமிருக்கும். தொட்டால் ஆறின வண்டி, திருப்பினால் ஒரே தடவையில் ஸ்டார்ட். நினைக்கும்போது அவருக்கே தன்மேல் ஒரு மதிப்பு வந்தது.

இப்போது அந்தக் கணக்கின் முதல் வரியே இடித்தது.

பேட்டரியைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு சமையலறைக்குள் நுழைந்தார். அடுப்படியில் நின்றிருந்த மனைவி திரும்பிக்கூடப் பார்க்காமல் காலால் மணையை நகர்த்தி இடம் கொடுத்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

"என் சக்களத்தி இன்னிக்கும் முறுக்கிக்கிச்சா?"

அவர் பேட்டரியை அடுப்புக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் வைத்துவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்து கைகளைச் சூடுபடுத்திக்கொண்டார். குழந்தைகள் சின்னவர்களாக இருந்தபோது குளிர்காலம் முழுக்க இந்தப் பேட்டரி ராத்திரியில் வீட்டுக்குள்தான் இருக்கும். மகளுக்கு அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று ஒரு பயம்; சுற்றிக்கொண்டுதான் போவாள். காலையில் லாரி அடம்பிடித்தால் வீடே எழுந்து வரும். மனைவி வெந்நீர் கொண்டு வருவாள். மகள் போர்வையைப் போர்த்திக்கொண்டு பானட்டுக்குள் டார்ச் அடிப்பாள். மகன் பின்னாலிருந்து தள்ளுவான். அவன் தள்ளியா ஆறு டன் வண்டி நகரும், ஆனாலும் நகர்ந்ததும் தான்தான் தள்ளினேன் என்று பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்வான். லாரி கடகடவென்று உயிர் பெற்று, தெரு நிறைய வெள்ளைப் புகையைக் கக்கும்போது நாலு பேரும் கைதட்டுவார்கள். இப்போது இரண்டு பேரும் வெளியூரில் பெரிய வேலையில் இருக்கிறார்கள். கார் வைத்திருக்கிறார்கள். பட்டனை அழுத்தினால் ஸ்டார்ட் ஆகிவிடுமாம்.

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்களேன், குளிர்ல கொஞ்சம் அடம் புடிக்கும்னு," என்றாள் மனைவி.

"சொன்னா எவன் வாங்குவான்?"

"வாங்கறவன் வாங்கட்டும். உங்க மூஞ்சிக்குப் பொய் ஒட்டாது."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் உடைக்கிற கடைக்காரன் போன வாரம் வந்து, லாரியின் பக்கவாட்டைக் கைவிரலால் சுண்டிப் பார்த்து, "தகடு கனமா இருக்கு" என்று சந்தோஷப்பட்டது அவர் கண்ணிலேயே நின்றது. உயிரோடு இருக்கிறவரைப் படுக்க வைத்து அளவெடுத்த மாதிரி இருந்தது அவருக்கு. அன்றைக்கே முடிவு செய்துவிட்டார், எந்தப் பொய் சொல்லியாவது இதை ஓட்டுகிற கை ஒன்றில் ஒப்படைத்துவிடுவதென்று. மறுநாளே பட்டறைக்குக் கொண்டுபோய், டிரைவர் பக்கத்துப் படிக்கு மேலே இருந்த குழியை எடுத்து, பூசி, பெயின்ட் அடித்தார். அந்தக் குழி அவர் வாங்கும்போதே இருந்தது. முன்னால் ஓட்டியவர் யாரோ, ஸ்டார்ட் ஆகாத கோபத்தில் உதைத்து உதைத்து விழுந்த குழி. முதல் குளிர்காலத்தில் இவரும் கோபம் வந்து உதைத்தபோது இவருடைய செருப்பு அதில் அளவெடுத்தாற்போல் பொருந்தியது. அதற்கப்புறம் இருபத்திரண்டு வருடம் அந்த இடத்தில்தான் உதைத்தார். பட்டறைக்காரன் அதை நிரவித் தேய்த்தபோது அவர் வெளியே போய் நின்றுகொண்டார்.

ஆறேகாலுக்குப் பேட்டரி வெதுவெதுப்பாயிற்று. கொண்டுபோய் மாட்டினார். மனைவி இரண்டு வாளி வெந்நீர் கொண்டு வந்தாள். சாக்கை நனைத்து டீசல் ஃபில்டரைச் சுற்றிக் கட்டினார்கள். ஹீட்டர் விளக்கு அணைந்தது. சாவி திரும்பியது. லாரி இருமியது, நின்றது. மறுபடி இருமியது, நின்றது. ஆறே முக்காலுக்கு ஏழாவது இருமலில், உடம்பெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கி, கடகடவென்று பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை மூட்டமாகக் கிளம்பித் தெருவைத் தாண்டி, தையல்காரர் காலையில் கொடுப்பதற்காக இஸ்திரி போட்டு வாசலில் மாட்டியிருந்த ஆறு வெள்ளைச் சட்டைகளின்மேல் படிந்தது. தையல்காரர் உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். சத்தத்தில் கேட்கவில்லை, கேட்காததே நல்லது.

கணக்குப்படி அரைமணி ஓடவிட வேண்டும். பானட்டின்மேல் வைத்த தேநீர்க் கிளாஸ் ஆறாமல் இருக்கும் அளவுக்குச் சூடு ஏறியபோது ஏழேகால் ஆகியிருந்தது. அப்போதுதான் புரோக்கரின் போன் வந்தது.

"அண்ணே, பார்ட்டி சீக்கிரமே கிளம்பிட்டாங்க. பாலத்துக்கிட்ட வந்துட்டோம். பத்தே நிமிஷம்."

ஒருநிமிஷம் லாரிக்குள் பாய்ந்து ஏறினார். இன்ஜினை அணைத்தார். பானட்டில் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார். முக்கால் மணியில் ஆற வேண்டியதைப் பத்து நிமிஷத்தில் ஆற்ற வேண்டும்.

பானட்டைத் திறந்து, மனைவி அட்டைப்பெட்டியின் மூடியால் விசிறினாள். அவர் தொட்டித் தண்ணீரை மொண்டு மேல்தகட்டில் ஊற்றினார். புஸ்ஸென்று ஆவி கிளம்பி இரண்டு பேரையும் மறைத்தது. ஆவிக்குள்ளிருந்து மனைவி இருமிக்கொண்டே, இதற்கு உண்மையைச் சொல்வது எவ்வளவோ சுலபம் என்றாள். இன்னும் ஊற்றினார். லாரியின் மூக்கு மட்டும் குளித்துவிட்டு வந்ததுபோல் பளபளத்தது, மற்ற இடமெல்லாம் பனியும் தூசியுமாக இருந்தது. அது விகாரமாகத் தெரியவே, லாரி முழுவதும் தண்ணீரை வாரி இறைத்தார். தரை சேறாயிற்று. சேற்றில் வழுக்கி ஒரு முழங்காலை ஊன்றி எழுந்தார். எழுந்தபோதுதான் புகைபோக்கிக் குழாய் கண்ணில் பட்டது. அதைத் தொட்டுப் பார்த்தால் கதை கந்தலாகிவிடும். கைக்கு அகப்பட்ட பழைய பனியன் ஒன்றை நனைத்து, குழாய்க்குள் திணித்துவிட்டு, வெளியேயும் நாலு குவளை ஊற்றினார்.

கார் வந்து நிற்கவும், மனைவி அட்டைமூடியை முதுகுக்குப் பின்னால் மறைக்கவும் சரியாக இருந்தது.

காரிலிருந்து புரோக்கரும், கம்பளித் தொப்பி போட்ட ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவரும் இறங்கினார்கள். பின் இருக்கையில் சால்வை போர்த்திய ஓர் அம்மாள் இருந்தாள். தொப்பிக்காரரின் அக்கா என்றும், முழங்கால் வலி என்பதால் இறங்கமாட்டாள் என்றும் புரோக்கர் சொன்னார். கார்க் கண்ணாடி ஏற்றியே இருந்தது.

தொப்பிக்காரர் நேராகப் போய்ப் பானட்டின்மேல் உள்ளங்கையை வைத்தார். கை அங்கேயே இருந்தது.

"ஈரமா இருக்கே."

"நீங்க வர்றீங்கன்னு கழுவினேங்க."

"இந்தக் குளிர்லயா?"

"வண்டிய எப்பவும் சுத்தமா வச்சிப் பழக்கம்," என்றார் ஒருநிமிஷம், முழங்கால் சேற்றைக் கையால் மறைத்தபடி.

வந்தவர் லாரியை ஒரு சுற்றுச் சுற்றினார். டயரைப் பார்க்கவில்லை. சேசிஸைக் குனிந்து பார்க்கவில்லை. டிரைவர் பக்கம் வந்ததும் நின்று, படிக்கு மேலே புதுப் பெயின்ட் அடித்த இடத்தை விரலால் மெதுவாகத் தடவினார். கண்டுபிடித்துவிட்டான், ஆள் சாமானியப்பட்டவன் இல்லை என்று ஒருநிமிஷம் நினைத்துக்கொண்டார்.

"இங்க எப்பவாவது அடி ஏதாவது பட்டிருந்துச்சா? குழி மாதிரி?"

"அய்யோ, ஒரு கீறல்கூட இல்லீங்க. பொறந்ததுலேருந்து இப்படியேதான்."

வந்தவரின் முகம் ஒரு சுற்றுச் சுருங்கியது. வாங்குகிறவர்கள் முகத்தைச் சுளிப்பதெல்லாம் பேரத்துக்கான வித்தை என்று ஒருநிமிஷத்துக்குத் தெரியும். அதனால் இன்னும் கொஞ்சம் தைரியம் வந்தது. வந்தவர், பழைய ஆர்.சி. புத்தகத்தில் முதல் சொந்தக்காரர் யார் என்று இருக்கிறதா என்று கேட்டார். புத்தகம் எப்போதோ தொலைந்துபோய் நகல் எடுத்தது, இவர் வாங்கும்போதே நகல்தான் என்று புரோக்கர் குறுக்கே விழுந்து சொன்னார். இதுமட்டும் உண்மை.

"குளிர்ல எப்படி?"

இந்தக் கேள்விக்காகத்தான் ஒருநிமிஷம் மூன்று நாளாகக் கண்ணாடி முன்னால் நின்று பழகியிருந்தார்.

"ஒரே தடவைங்க. சாவிய காட்டினாலே போதும்."

"ஹீட்டர் எவ்வளவு நேரம் போடணும்?"

"ஹீட்டருக்கு வேலையே இல்லீங்க. பல்பு இருக்கான்னுகூட எனக்குத் தெரியாது."

"வெந்நீர், சாக்கு... அந்த மாதிரி எதுவும்?"

"அதெல்லாம் வேற வண்டிக்குங்க." அவருடைய காலடியில் கிடந்த சாக்கிலிருந்து இன்னும் லேசாக ஆவி வந்துகொண்டிருந்தது. மனைவி ஒரு அடி நகர்ந்து அதன்மேல் நின்றுகொண்டாள்.

வந்தவர் முகம் இன்னும் தொங்கிப்போயிற்று. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுத் தையல்காரர், கழுத்தில் அளவு நாடாவோடு, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தெருவைக் கடந்து வந்தார். சட்டைகளுக்காகச் சண்டை போட வருகிறார் என்று ஒருநிமிஷம் பயந்தார். அவரோ இத்தனை வருடப் பழக்கத்தில், நேரே லாரியின் பின்பக்கம் போய் இரண்டு கையையும் ஊன்றி நின்றுவிட்டார்.

"என்ன ஒருநிமிஷம், தள்ளலாமா?"

வந்தவர் சட்டென்று திரும்பினார். அவர் முகத்தில் வந்ததிலிருந்து முதல்தடவையாக ஒரு வெளிச்சம் தெரிந்தது. "தள்ளுவீங்களா? அடிக்கடி தள்ளுவீங்களா?" என்று கேட்டுக்கொண்டு தையல்காரரிடம் இரண்டடி எடுத்து வைத்தார்.

ஒருநிமிஷம் குறுக்கே பாய்ந்தார். தையல்காரருக்கு டாக்டர் உடற்பயிற்சி சொல்லியிருக்கிறார், தினமும் காலையில் எதையாவது பிடித்துத் தள்ள வேண்டும், சுவர், மரம், லாரி, எதுவானாலும் சரி என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். தையல்காரர் வாயைத் திறப்பதற்குள் மனைவி அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் புரிந்துகொண்டு, லாரியை இன்னும் இரண்டு தடவை மரியாதைக்குத் தள்ளிவிட்டு, மூச்சை இழுத்து விட்டுக்கொண்டே வீட்டுக்குப் போனார்.

"உங்கள ஏன் ஒருநிமிஷம்னு கூப்பிடறாங்க?"

"ஒரே நிமிஷத்துல வண்டி கிளம்பிடும்ங்க. அதனால."

வந்தவர் பனி படிந்த கார்க் கண்ணாடியை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு, சரி, ஸ்டார்ட் பண்ணுங்கள் என்று கையைக் காட்டினார். அந்தக் குரலில் வாங்குகிற ஆசையே இல்லை. இதோ இந்த இடத்தில்தான் எல்லாம் இருக்கிறது என்று ஒருநிமிஷத்துக்குத் தெரிந்தது. ஏறி உட்கார்ந்தார். மனசுக்குள் லாரியிடம், இன்றைக்கு ஒரு நாள் மட்டும் என் மானத்தைக் காப்பாற்று, இனிமேல் உன்னிடம் எதுவும் கேட்க மாட்டேன் என்றார்.

சாவியைத் திருப்பினார்.

டப்பென்று ஒரு வெடி. குழாயிலிருந்து பனியன் பறந்துபோய், தையல்காரர் வாசலில் ஏழாவது வெள்ளைச் சட்டையாக மாட்டிக்கொண்டது. அதே நொடியில் லாரி பிடித்துக்கொண்டது. முக்கல் இல்லை, முனகல் இல்லை. புகையும் இல்லை. புதுமாப்பிள்ளை மாதிரி அடக்கமாக ஒரே சீராக ஓடியது.

மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டாள். புரோக்கர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஒருநிமிஷம் சன்னமாக அதிர்கிற ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கைதட்ட யாரும் இல்லை என்பது திடீரென்று உறைத்து, கண்ணில் தண்ணீர் நின்றது. இது யாரோ அடுத்தவர் லாரி மாதிரி இருந்தது அவருக்கு.

இறங்கினார். வந்தவர் அதற்குள் லாரியைத் திரும்பிப் பார்க்காமல் காரை நோக்கி நடந்துகொண்டிருந்தார். விலை பேசுவதற்கு முன்னால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்கப் போகிறார் போலும் என்று நினைத்து, ஒருநிமிஷமும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போனார். பெரியவங்களுக்கு ஒரு வணக்கம் போட்டால் காரியம் சுலபமாக முடியும்.

கார்க் கண்ணாடி இறங்கியது. அந்த அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். மடியில் பழைய டார்ச் லைட் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பொழுது விடிந்த பிறகு டார்ச் எதற்கென்று ஒருநிமிஷத்துக்குப் புரியவில்லை. அவள் தலையைச் சாய்த்து லாரியின் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள். தம்பி உதட்டைப் பிதுக்கித் தலையை ஆட்டினார். ஒருநிமிஷம் இரண்டு கையையும் குவித்து, வாய் நிறையச் சிரிப்போடு ஜன்னலுக்கு நேரே குனிந்தார்.

அவள் டார்ச்சைப் பைக்குள் போட்டு மூடினாள்.

"ஏறு தம்பி, போலாம். இது அப்பாவோட லாரி இல்ல. குளிர்காலத்துல வீடே எழுந்து வந்து கெஞ்சாம அது ஒரு நாளும் ஸ்டார்ட் ஆனதில்ல."